புகைபோக்கியும் மினாராவும்

நம்மிடம் ஓதிச் சென்ற மாணவர் ஒருவர் இப்போது பட்டை, சாதிக்காய் வணிகத்தில் இருக்கிறார். ஆண்டுக்கு இருமுறையேனும் சுமத்திராவின் மேற்குக் கரையிலுள்ள பாடாங் துறைமுகத்துக்குப் போய் வருபவர். அண்மையில் அங்கிருந்து மலையேறி, சாவாலுந்தோ என்னும் பழைய நிலக்கரிச் சுரங்க ஊரைக் கண்டு திரும்பினார். கண்டதைப் பயணக் கட்டுரையாக எழுதி, பத்திரிகைக்கு அனுப்புமுன் பிழை பார்த்துத் தருமாறு நம்மிடம் கொடுத்தார். பதினான்கு பக்கம். சந்திப் பிழைகளைத் திருத்திக்கொண்டே வந்த நாம், ஒன்பதாம் பக்கத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டோம். பிழை அவருடையதாக இருந்திருந்தால் திருத்திவிட்டு மேலே போயிருப்போம். அது நம்முடையது.

அவ்வூர்ப் பெரிய பள்ளிவாசலைப் பற்றிய வருணனை அந்தப் பக்கத்தில் இருந்தது. மஸ்ஜித் அகுங் நூருல் இஸ்லாம் என்பது அதன் பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தர் சுரங்கத் தொழிலுக்காகக் கட்டிய அனல்மின் நிலையம் அது. பின்னர் வேறிடத்தில் புதிய மின்நிலையம் எழுந்ததும் கைவிடப்பட்டது. இந்தோனேசிய விடுதலைப் போரின்போது அதன் நிலவறைகளில் போராளிகள் ஆயுதங்கள் செய்தார்கள். 1952இல் அது தொழுமிடம் ஆயிற்று. எழுபது மீட்டருக்கும் மேல் உயர்ந்து நின்ற புகைபோக்கியை ஊரார் இடிக்கவில்லை. அதையே மினாராவாக வைத்துக்கொண்டார்கள். நம் மாணவர் இதைச் சொல்லிவிட்டு, “புகை போயிற்று, ஒளி வந்தது, நெருப்புக் கக்கிய வாய் நேர்வழிக்கு அழைக்கலாயிற்று” என்று எழுதியிருந்தார்.

இந்த வாக்கியம் நம் வாயிலிருந்து வந்தது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மீலாது மேடையில், இப்பள்ளிவாசலைப் பற்றி எங்கோ படித்ததை வைத்து நாம் இப்படிப் பேசினோம். கூட்டத்தில் ‘சுப்ஹானல்லாஹ்’ என்ற குரல்கள் எழுந்தன. மறுநாள் கடைத்தெருவில் இருவர் நிறுத்திப் பாராட்டினார்கள். அன்று முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அந்த மாணவர் மறக்காமல் வைத்திருந்து, ஊரை நேரில் கண்டபோதும் நம் வாக்கியத்தின் வழியாகவே கண்டிருக்கிறார். ஒருவன் கண்ணால் கண்டதை அவனுடைய ஆசிரியரின் சொல்லலங்காரம் மறைத்துவிடுமானால், அந்த அலங்காரத்தை ஆராய வேண்டியது ஆசிரியரின் கடமை. இக்கட்டுரை எழுந்த காரணம் அதுவே.

முதலில் ஊரைப் பற்றிச் சிறிது. சாவா என்றால் மலாய் மொழியில் நெல்வயல். லுந்தோ அங்கே ஓடும் ஆற்றின் பெயர். மலைகள் சூழ்ந்த சட்டி போன்ற பள்ளத்தாக்கு. மினாங்கபாவ் மக்கள் உழுதுண்ட நிலம். 1868ஆம் ஆண்டளவில் வில்லெம் ஹென்ட்ரிக் டெ கிரேவ் என்னும் ஒல்லாந்த நிலவியலார் ஒம்பிலின் ஆற்றங்கரைப் பகுதியில் நிலக்கரிப் படிவங்களைக் கண்டு, ஏறத்தாழ 20 கோடி டன் இருக்கக்கூடும் என மதிப்பிட்டு அறிக்கை எழுதினார். 1872இல் அதே மலைநாட்டின் ஆறு ஒன்றில் மூழ்கி அவர் இறந்தார். அறிக்கை மூழ்கவில்லை. நீராவிக் கப்பலுக்கும் ரயிலுக்கும் கரி தேவைப்பட்ட காலம் அது. கரியை மலையிலிருந்து கடலுக்கு இறக்க 155 கிலோமீட்டர் இருப்புப்பாதை போட்டார்கள். செங்குத்தான இடங்களில் பல்சக்கரம் பற்றி ஏறும் பாதை. பாடாங்கின் தெற்கே எம்மாஹாவன் என்னும் துறைமுகத்தைக் கட்டினார்கள். இன்று அதன் பெயர் தெலுக் பாயூர். 1892இல் கரி வெட்டத் தொடங்கியது; 1894இல் ரயில் சாவாலுந்தோவை வந்தடைந்தது.

கரி வெட்ட ஆள் வேண்டுமல்லவா? மண்ணுக்குடைய மினாங்கபாவ் மக்கள் வயலையும் வணிகத்தையும் விட்டுச் சுரங்கத்துக்குள் இறங்கப் போதிய அளவில் முன்வரவில்லை. எனவே ஜாவா, மதுரா, பாலி, சுலாவேசி முதலிய தீவுகளின் சிறைகளிலிருந்து கைதிகள் கப்பலேற்றப்பட்டார்கள். விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்டமையால் அவர்களை ‘ஓராங் ரந்தை’ என்றது உலகம். ரந்தை என்றால் சங்கிலி. ஓராங் என்றால் மனிதன். சங்கிலி மனிதர். திருடரும் கொலைஞரும் இருந்தனர்; அரசை எதிர்த்ததைத் தவிர வேறு குற்றம் அறியாதாரும் இருந்தனர். வரி கொடுக்க மறுத்த ஜாவா உழவர்களின் தலைவர் சாமின் சுரோசென்திகோ 1907இல் பிடிக்கப்பட்டு இவ்வூருக்கே நாடு கடத்தப்பட்டார். 1914இல் நாடுகடத்தப்பட்ட நிலையிலேயே இறந்தார். கை ஓங்காதவர் அவர். அதிகாரி கேட்கும் கேள்விக்கு இரட்டைப் பொருள்பட விடை சொல்லி அவரைத் திகைக்க வைப்பதே அவர் கூட்டத்தாரின் படைக்கலம். சொல்லின் ஆற்றலை நம்பிய ஒரு மனிதரைச் சொல்லுக்கு இடமில்லாத இருட்டில் கொண்டு போய் விட்டார்கள்.

சங்கிலி மனிதருக்கு அடுத்த படியில் ஒப்பந்தக் ‘குலி’கள், ஜாவானியரும் சீனரும் அதில் இருந்தனர். இந்தக் ‘குலி’ என்ற சொல்லோடு நம் ‘கூலி’க்கு உறவு உண்டென்று அறிஞர் பலர் கருதுவர். அப்படியானால் அது பயணம் செய்த விதம் கவனிக்கத்தக்கது. நம் மொழியில் கூலி என்பது உழைத்தவன் பெறுவது. கப்பல்காரர் வாயில் அது உழைப்பவனின் பெயராகிவிட்டது. கொடுக்க வேண்டியதன் பெயரை ஆளுக்கே சூட்டிவிட்டால், கொடுக்க வேண்டியது என்ன ஆயிற்று என்று கேட்கத் தோன்றாமற் போகிறது. கண்காணிக்கு அங்கே ‘மண்டோர்’ என்று பெயர். மலாயாத் தோட்டங்களில் வாழ்ந்த நம் உறவினர் உள்ள வீடுகளில் இச்சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை.

இப்பொழுது எழுத்துகளுக்கு வருவோம். இவ்வூரைப் பற்றி மூன்று வகை எழுத்து நம் முன் இருக்கிறது: உலக அமைப்பு ஒன்றின் பதிவு, ஒரு பெருங்கவிஞரின் கவிதை, நம் மாணவர் வழியாக நம்முடைய மேடைப் பேச்சு.

2019 ஜூலையில் அஸர்பைஜானின் பாக்கூ நகரில் கூடிய யுனெஸ்கோவின் உலக மரபுக் குழு, ஒம்பிலின் நிலக்கரிச் சுரங்கத்தையும் ஊரையும் இருப்புப்பாதையையும் துறைமுகக் கரிக்கிடங்கையும் சேர்த்து மரபுச் சின்னமாக ஏற்றது. அந்தப் பதிவின் சுருக்கத்தைப் படித்தால், ஐரோப்பியப் பொறியியல் அறிவு கீழைநாட்டில் நட்ட பெருஞ்சாதனை என்ற பாராட்டே ஓங்கி நிற்கிறது. உழைத்தவர் வருவது ஒரே வாக்கியத்தில். உள்ளூர் மினாங்கபாவ் மக்கள் வேலைக்குச் சேர்க்கப்பட்டனர். அவர்களுக்குத் துணையாக ஜாவானிய, சீன ஒப்பந்தத் தொழிலாளரும் கைதிகளும் கூட்டப்பட்டனர் என்பது அதன் கருத்து. பொய் எதுவும் இல்லை. ஆனால் இலக்கணம் படித்தவர்கள் அந்த வாக்கியத்தின் அமைப்பைப் பார்க்க வேண்டும். சங்கிலியோடு வந்தவன் வாக்கியத்தின் வாலில், ‘துணையாக’ நிற்கிறான். ‘வேலைக்குச் சேர்த்தல்’ என்ற வினை எல்லாருக்கும் பொதுவாகப் பாய்கிறது. விலங்கு பூட்டிக் கப்பலில் ஏற்றியதை வேலைக்குச் சேர்த்ததாகச் சொல்லும் தமிழை நம் மாணவர் எழுதினால் நாம் சிவப்பு மையால் அடிப்போம்.

அரசாங்கத்தாரின் எழுத்து அப்படித்தான் இருக்கும் என்று வாசக நேயர்கள் கூறலாம். சரி, கவிஞரிடம் போவோம்.

முகம்மது யாமின் 1903இல் பிறந்தார். பிறந்த ஊர் தலாவி. சுரங்கத்திலிருந்து சில கல் தொலைவு. இன்று சாவாலுந்தோ நகராட்சிக்குள்ளேயே அடங்கியது. அவர் பிறந்தபோது கரி வெட்டத் தொடங்கிப் பதினோராண்டு ஆகியிருந்தது. மலாய்க் கவிதைக்கு ஐரோப்பியப் பதினான்கடிப் பாவான சானெட்டைக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர். 1928ஆம் ஆண்டின் இளைஞர் உறுதிமொழிக்குச் சொல்வடிவம் தந்தவர் எனப் போற்றப்படுபவர். விடுதலை பெற்ற இந்தோனேசியாவில் கல்வி அமைச்சராகவும் இருந்தவர். 1962இல் காலமாகித் தலாவியிலேயே அடங்கியிருக்கிறார். பதினேழு வயதளவில், 1920இல் வெளியிட்டு, 1922இல் விரித்து நூலாக்கிய அவருடைய புகழ்பெற்ற கவிதையின் பெயர் ‘தானா ஆயிர்’. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் நிலமும் நீரும். மலாயில் தாயகத்துக்கு அதுவே பெயர். நம் தாய்நாடு, தந்தைநாடு என்பவற்றைவிட இது மண்ணுக்கு நெருங்கிய சொல் என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

அக்கவிதையில் இளைஞன் புக்கித் பாரிசான் மலைத்தொடரின் மேல் நின்று கீழே நோக்குகிறான். காடு தெரிகிறது, பள்ளத்தாக்கு தெரிகிறது, நெல்வயலும் அழகிய ஆறும் தெரிகின்றன, தென்னங்குருத்தால் நிறம் மாறும் வானம் தெரிகிறது. இதுவே என் நாடு, பெயர் சுமத்திரா என்று நெஞ்சு நிறைகிறான். ஓசை இனிமையில் குறை காண்பதற்கில்லை; ஓர் இனத்தின் விடியற்காலக் குரல் அது. ஆனால் அந்த மலைத்தொடரில், அந்தப் பள்ளத்தாக்குகளில் ஒன்றில்தான் அப்போது புகைபோக்கி நின்றது. கவிஞர் பிறந்த வீட்டுக்கு அருகே, வயலுக்கும் ஆற்றுக்கும் கீழே, எண் இடப்பட்ட மனிதர்கள் குனிந்து கரி வெட்டிக்கொண்டிருந்தார்கள். கவிதையில் வயல் உண்டு. வயலின் பெயர் தாங்கிய ஊர் இல்லை.

இளைஞனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நம் நோக்கமன்று. ஒல்லாந்தர் பள்ளியில் படித்த பதினேழு வயதுப் பிள்ளை. தன் நாட்டுக்கு ஒரு பெயர் தேடிக்கொண்டிருந்தான். நாட்டைக் காதலிக்க முதலில் அதை அழகாகக் காண வேண்டியிருந்தது. அதற்கு உயரம் வேண்டும். உயரத்திலிருந்து பார்ப்பவனுக்கு நிலத்தின் மேற்பரப்புதான் தெரியும். குறை கண்ணின் கூர்மையில் இல்லை, நின்ற இடத்தில் இருக்கிறது. நம் மொழியிலும் நாட்டுப் படலம், நகரப் படலம் என்று பாடிப் பழகிய பெரும்புலவர்கள் நின்றது அதே உயரத்தில்தான். நம் இஸ்லாமியக் காப்பியப் புலவர்களும் அந்த மரபை அப்படியே ஏற்று, அரபு நாட்டிலும் மருத நிலத்தின் வளத்தைக் கண்டார்கள். அதைச் சுவைத்துப் பாடம் சொல்பவர் நாம். ஆகவே யாமினை மட்டும் குறை கூறும் உரிமை நமக்கு இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒல்லாந்தர் பள்ளியில் கற்ற சானெட்டை எடுத்து யாமின் அதில் மலாய் உணர்வை ஊற்றினார். அவ்வூரார் ஒல்லாந்தர் கட்டிய புகைபோக்கியை எடுத்து அதில் பாங்கோசையை ஊற்றினார்கள். இரண்டும் ஒரே வகைத் துணிவு, இரண்டும் பாராட்டத்தக்கவை. வந்த பாத்திரத்தில் முன்னே என்ன கொதித்தது என்று கேட்பவர் இரண்டிடத்திலும் குறைவு.

கேட்டவர் இல்லாமலும் இல்லை. எர்விஸா எர்மான் என்னும் இந்தோனேசிய வரலாற்றாசிரியர், 1892 முதல் 1996 வரையிலான ஒம்பிலின் தொழிலாளரின் வாழ்வை ஆராய்ந்து முனைவர் பட்ட நூல் எழுதியிருக்கிறார். அதையொட்டி அவர் தம் நாட்டு மொழியில் எழுதிய நூலும் உண்டு. சிறையும் சுரங்கமும் ஒன்றான அவ்வாழ்வைத் தொழிலாளர் பக்கம் நின்று பார்க்கும் ஆராய்ச்சி அது. கவிதை இறங்காத இடத்துக்கு வரலாறு இறங்கியிருக்கிறது என்பது ஆறுதல்.

ஆனால் யாருடைய அனுமதியும் கேளாமல் அந்த இருட்டில் ஓர் இலக்கியம் உருவாகியே இருந்தது. ‘தன்சி’ என்றால் தொழிலாளர் அடைக்கப்பட்டிருந்த கொட்டடி. அந்தக் கொட்டடியில் ஜாவானியனும் மதுராக்காரனும் பூகிஸ்காரனும் சீனனும் மினாங்கபாவ்காரனும் ஒருவரோடொருவர் பேச வேண்டியிருந்தது. மண்டோரின் கட்டளைகளில் கலந்த ஒல்லாந்தச் சொற்களும் சேர, ஒரு புதுமொழி பிறந்தது. பாசா தன்சி, கொட்டடி மொழி. பேச்சுக்கே உரியது, ஏடு ஏறாதது. 2018இல் இந்தோனேசிய அரசு இதை நாட்டின் பண்பாட்டு மரபுகளில் ஒன்றாக ஏற்றது. ஊரில் முதியவர்கள் இன்றும் அதைப் பேசுவதாக நம் மாணவர் எழுதியிருக்கிறார். எழுதியது ஒன்றரை வரி. பள்ளிவாசலுக்கு ஒன்றரைப் பக்கம்! கட்டுரையின் உயிர் அந்த ஒன்றரை வரியில் இருந்தது. அரபு எழுத்தில் தமிழ் எழுதி அர்வியை வளர்த்த சமுதாயத்தின் பிள்ளை, கலந்து பிறந்த ஒரு மொழியின் முன் அரை நாழிகை நின்றிருக்க வேண்டாமா?

மாணவர் கண்டவற்றுள் சில நன்றாகவே எழுதப்பட்டிருக்கின்றன. 1918இல் கட்டிய பெரும் சமையற்கூடம் 2005 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. நீராவியால் ஆயிரக்கணக்கானோர்க்குச் சோறு வடித்த, ஒரு மீட்டருக்கும் மேல் விட்டமுள்ள பாத்திரங்களை அங்கே கண்டவர், நம் கந்தூரித் தேக்சாக்கள் நினைவுக்கு வந்ததாகச் சொல்கிறார். பொருத்தமான நினைவு, வேற்றுமையையும் ஒரு சொல்லில் காட்டியிருக்கலாம். ‘எம்பா சூரோ’ சுரங்கம் 1898இல் வெட்டப்பட்டு, நீர்க்கசிவால் மூடப்பட்டு, 2008இல் பார்வையாளர்க்குத் திறக்கப்பட்டது. எம்பா என்றால் ஜாவா மொழியில் பாட்டனார். சூரோ அங்கிருந்த ஒரு மண்டோர். தலைக்கவசமும் காலணியும் மாட்டிக்கொண்டு படியிறங்கிய மாணவர், உள்ளே குளிர்ந்த காற்றுக் குழாய்களும் மின்விளக்குகளும் இருப்பதைப் பாராட்டியிருக்கிறார். பழைய நீராவி எஞ்சினுக்கு ஊரார் வைத்த பெயர் ‘மக் ஈத்தாம்’, கரிய மாமன். தாய்வழி மரபினரான மினாங்கபாவ் மக்களிடம் தாய்மாமனுக்கு உள்ள இடத்தைச் சொல்லி, காயல்பட்டினத்து வீடுகளையும் தொட்டுச் சென்ற பகுதி சுவையானது. அந்த எஞ்சின் 1966இல் ஜெர்மனியில் செய்யப்பட்டது. ஒல்லாந்தர் காலத்தது என்று எழுதியதை மட்டும் திருத்தினோம்.

பாடாங்கில் முகம்மதன் பள்ளியில் தொழுததையும் எழுதியிருக்கிறார். நம் முன்னோர் வணிகர் கட்டிய பள்ளி அது. நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக ஆண்டுதோறும் சர்க்கரைப் பொட்டலம் வீசும் விழா அங்கே இன்றும் நடக்கிறது. அந்தத் துறைமுகத்தில் நம்மவர் கடை வைத்திருந்த அதே நாட்களில்தான் மலையிலிருந்து கரி இறங்கிக்கொண்டிருந்தது என்பதையும் அவர் சேர்த்தெழுதினால் நன்று.

கட்டுரையின் முடிவுப் பகுதியில், சுரங்கம் மூடிய ஊர் சுற்றுலாவால் மறுவாழ்வு பெற்றது என்று எழுதியிருக்கிறார். பாதி உண்மை. 2000ஆம் ஆண்டையொட்டித் திறந்தவெளிக் கரி தீர்ந்து, வேலை போய், மக்கள் வெளியேறத் தொடங்கியபோது, 2001இல் நகர்மன்றம் 2020ஆம் ஆண்டுக்குள் பண்பாட்டுச் சுரங்கச் சுற்றுலா நகராவது என்று தீர்மானித்தது. சொன்னபடி செய்தும் காட்டியது. அறுபதாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட மக்கள் வாழும் சிற்றூருக்கு அது சிறிய செயலன்று. சிலுங்காங் நெசவாளரின் சரிகைத் துணிக்கும் அதனால் வாங்குவோர் பெருகினர். ஆனால் அருங்காட்சியகங்களுக்கு அப்பால், யாமின் பிறந்த தலாவிப் பகுதியில் மனிதர் இன்னும் கரி வெட்டுகிறார்கள். 2009 ஜூனில் ஒரு சுரங்கத்தில் வாயு வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2022 டிசம்பரில் மீண்டும் ஒரு வெடிப்பு. பத்துப் பேர் இறந்தனர். கவிஞரின் அடக்கஸ்தலம் உள்ள மண்ணின் கீழே நடப்பது இது. ‘முன்னாள் சுரங்க ஊர்’ என்று தலைப்பிட்டிருந்ததில் ‘முன்னாள்’ என்ற சொல்லை அடித்துவிட்டோம்.

இனி நம் வாக்கியத்துக்கு வருவோம். ‘புகை போயிற்று, ஒளி வந்தது.’ அரபு அகராதியைத் திறந்து வைத்திருந்தால் அன்று இப்படிப் பேசியிருக்க மாட்டோம். மனாரா என்ற சொல் நூன், வாவ், றா என்னும் வேரிலிருந்து வருவது. ஒளியைக் குறிக்கும் ‘நூர்’ அவ்வேரில் பிறந்ததே; நெருப்பைக் குறிக்கும் ‘நார்’ என்பதும் அதில் பிறந்ததே. நெருப்பு மூட்டி வழி காட்டும் இடம் மனாரா. கலங்கரை விளக்கத்துக்கும் அதுவே பெயர். ஆகவே நெருப்பு வெளியேற ஒளி குடிபுகுந்தது என்று சொல்லுவது சொல்லின் வரலாற்றுக்கே பொருந்தாது. சுரங்கத்தைக் குறிக்கும் ‘மஃதின்’ என்ற சொல்லோ ‘தங்கியிருத்தல்’ என்ற பொருளுடைய வேரினது. நிலைத்த சோலையாகிய ‘ஜன்னத்து அத்ன்’ என்பதிலும் அவ்வேரே இருக்கிறது. சங்கிலி மனிதர் அங்கே தங்கிவிட்டார்கள். மேடையில் நாம் அவர்களைப் புகை என்று சொல்லி ஊதிவிட்டோம்.

நாம் பேசிய மறுவாரம் ஓதிக்கொண்டிருந்த ஒரு பிள்ளை, சுரங்கத்தில் நேரும் சாவுக்கு ஈடு இல்லை என்ற பொருளில் நபிமொழி உண்டே என்று கேட்டது நினைவிருக்கிறது. உண்டு, புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. தம் நிலத்தில் சுரங்கம் தோண்டுபவர் கூலிக்கு அமர்த்தியவர்மேல் அது தானாக இடிந்து விழுந்தால் என்ற நிலையை வைத்து இமாம் நவவீ போன்றோர் அதை விளக்குகிறார்கள். அது தன் விருப்பால் கூலி பேசி இறங்கியவனைப் பற்றிய பேச்சு. விலங்கிட்டு இறக்கப்பட்டவனை அந்த விளக்கத்தின் நிழலுக்குள் கொண்டுவர இயலாது. அன்று அந்தப் பிள்ளைக்கு இந்த விடையை நாம் சொல்லவில்லை; வகுப்பு நேரம் முடிந்ததென்று எழுந்து போனோம். இப்போது எழுதி வைக்கிறோம்.

மாணவரை வீட்டுக்கு அழைத்து, கட்டுரையைத் திருப்பிக் கொடுத்தோம். நாம் அடித்திருந்த இடத்தைப் பார்த்து முகம் வாடினார். “அது நீங்கள் சொன்னதுதானே ஹஸ்ரத்?” என்றார். ஆம், அதனால்தான் அடித்தோம் என்றோம். அந்த ஒன்றரைப் பக்கத்துக்குப் பதிலாக என்ன எழுதுவது என்று கேட்டார். பெயரின்றி எண் மட்டும் பொறித்த மீசான் கற்கள் அவ்வூரில் இருப்பதை நாம் சொன்னோம். சமையற்கூட அருங்காட்சியகத்தில் தாமும் சில கற்களைக் கண்டதாகவும், வண்டிக்கு நேரமாகிவிட்டதால் நின்று பார்க்கவில்லையென்றும் சொன்னார். வரும் மாதம் பட்டை வாங்க மறுபடியும் போகிறார். கல்லில் உள்ள எண்களை ஒன்று விடாமல் எழுதிக்கொண்டு வரும்படி சொல்லி, நம் குறிப்பேடு ஒன்றையும் கொடுத்தனுப்பினோம்.